ஆம்பியர் அத்தானும் அக்காவின் மூக்கும்

எங்கள் அத்தானுக்குப் புதிதாக ஒருவரை அறிமுகம் செய்துவைத்தால், என்ன வேலை, எத்தனை பிள்ளைகள் என்றெல்லாம் கேட்க மாட்டார். உங்கள் வீட்டு மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று கேட்பார். முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்த அன்றும் அப்படித்தான். கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணான என் அக்கா எதிரே உட்கார்ந்திருக்க, மனிதர் அண்ணாந்து சுவரில் இருந்த பியூஸ் கட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது எத்தனை ஆம்பியர்?" என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா திருதிருவென்று விழித்தார். அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அந்தச் சிரிப்பில்தான் கல்யாணம் முடிவானது என்று நான் இன்றைக்கும் சொல்வேன். 'ஆம்பியர்' என்று அவருக்குப் பட்டப்பெயர் வைத்தவளும் நான்தான். கடைசிவரை அந்தப் பெயர் அவரை விடவில்லை. அவரும் அதை விட்டுக்கொடுக்கவில்லை.

நாங்கள் மூவரும் ஒரே நாடக அரங்கில் வேலை பார்த்தோம். அத்தானுக்கு விளக்குகள். மேடைக்கு இடப்பக்கம் ஒரு சின்ன மேடை மாதிரி கட்டி, அதில் அவருடைய விளக்குப் பலகை இருந்தது. அக்கா அதற்கு நேர் கீழே, திரை மறைவில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, நடிகர்கள் வசனத்தை மறந்தால் அடியெடுத்துக் கொடுப்பாள். நான் பின்பக்கம் உடுப்பு அறையில் தையல்காரி. ராஜா வேஷக்காரருக்குத் தொப்பை ஏறினால் சட்டையைப் பிரித்து விடுவதும், இறங்கினால் பிடித்துத் தைப்பதும் என் பிழைப்பு. இறங்கியதாக எனக்கு நினைவில்லை.

அரங்குக்கு ஒரு குறை இருந்தது. மேடைக்கு வருகிற மூன்று மெயின் கேபிள்களும் பழையவை. எல்லா விளக்கையும் ஒரே நேரத்தில் முழுசாக எரித்தால் அவை தாங்கா. முதலாளியிடம் கேபிளை மாற்றச் சொன்னால், "எரியுது இல்ல, அப்புறம் என்ன?" என்பார். ஆகவே எந்தக் காட்சியில் எவ்வளவு மின்னோட்டம் ஓடுகிறது என்று யாராவது கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த வேலையை அத்தான் தன் தலையில் போட்டுக்கொண்டார். அளக்கிற கருவியையும் அவரே செய்தார்.

தையல்காரிக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். கல்யாணமான நாளிலிருந்து அக்காவும் அத்தானும் எங்கள் வீட்டிலேயேதான் இருந்தார்கள். சாப்பாட்டு மேசையில் தினமும் காதில் விழுந்துகொண்டிருந்தால் கல்லுக்கும் புரியும். அவ்வளவு பெரிய மின்னோட்டத்தை நேராக மீட்டருக்குள் விட்டால் மீட்டர் பஸ்பமாகிவிடும். அதனால் ஓர் இரும்பு வளையத்தின் மேல் மெல்லிய செப்புக் கம்பியைச் சுற்றிக்கொள்ள வேண்டும். கேபிள் அந்த வளையத்தின் நடு ஓட்டை வழியாகப் போகும். கேபிளில் ஓடும் பெரிய மின்னோட்டத்தின் குட்டி நகல் ஒன்று செப்புக் கம்பியில் ஓடும். அதை ஒரு மின்தடை வழியாக விட்டால் கொஞ்சம் வோல்ட் கிடைக்கும். ஆனால் அது ஏசி. முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருக்கும். மீட்டர் ஊசிக்கு ஒரே திசையில் தள்ளினால்தான் பிடிக்கும். திசையைத் திருப்பிவிட டையோடு போட்டால், கிடைத்த கொஞ்சத்தையும் டையோடே தின்றுவிடும். அங்கேதான் ஆப்-ஆம்ப் வருகிறது. எட்டுக் கால் வைத்த கறுப்புச் சில்லு. டையோடு தின்பதையெல்லாம் அது ஈடுகட்டிவிடும். எவ்வளவு சின்ன வோல்ட்டாக இருந்தாலும் சிந்தாமல் சிதறாமல் ஊசிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

"இந்தச் சில்லு மாதிரி ஒரு வேலைக்காரன் கிடைக்க மாட்டான்" என்பார் அத்தான்.

"சம்பளமும் கேக்காது. முதலாளிகிட்ட சொல்லாதீங்க, நம்ம எல்லாரையும் அனுப்பிட்டு அதையே வச்சுக்குவாரு" என்பேன்.

வளையம் சுற்றுகிற ஞாயிற்றுக்கிழமை மதியங்களை நான் இன்னும் மறக்கவில்லை. ஜன்னல் வெளிச்சம் மேசையில் சாய்ந்து விழும். அத்தான் என் தையல் மிஷினில் நூல் சுற்றுகிற பாபின் ஒன்றை எடுத்து அதில் செப்புக் கம்பியைச் சுற்றி வைத்துக்கொள்வார். அதை வளையத்தின் ஓட்டைக்குள் விட்டு எடுத்து, விட்டு எடுத்து, நூற்றுக்கணக்கில் சுற்ற வேண்டும். கை ஓடினால் அவருக்கு எண்ணிக்கை ஓடாது. அதனால் எண்ணுவது அக்கா. மடியில் அடுத்த நாடகத்தின் வசனப் பிரதி இருக்கும். கண் அதில் ஓடும், வாய் சுற்றுகளை எண்ணும். நடுவில் நான் கதவைத் தட்டினாலும், அடுப்பில் பால் பொங்கினாலும், ஓடிப்போய் இறக்கிவிட்டு வந்து விட்ட இடத்திலிருந்து எண்ணுவாள். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. அத்தானும் ஒரு தடவைகூடத் திரும்பச் சரிபார்த்ததில்லை.

வளையத்தில் சுற்றிய கம்பியின் இரண்டு முனைகளையும் ஒருபோதும் திறந்துவிடக் கூடாது என்பது அவருடைய வேதம். கேபிளில் மின்னோட்டம் ஓடும்போது முனைகள் சும்மா கிடந்தால் ஆளையே தூக்கி அடிக்குமாம். சுற்றி முடித்த வளையம் வீட்டு அலமாரியில் எங்கேயும் சேராமல் கிடந்தால்கூட இரண்டு முனைகளையும் முறுக்கிக் கட்டிவிடுவார். "அதுதான் கேபிளே இல்லாம சும்மா கிடக்கே அத்தான்" என்றால், "பழக்கம் கெட்டுடும்" என்பார். அவ்வளவு ஜாக்கிரதை.

கருவி தயாரானதும் என் இஸ்திரிப் பெட்டிகள், பக்கத்து வீட்டு ஹீட்டர் எல்லாவற்றையும் வரிசையாக வைத்துச் சூடேற்றி, ஊசி காட்டுவது சரியா என்று பார்த்தார். சரியாகவே இருந்தது. மூன்று கேபிளுக்கு மூன்று வளையம், மூன்று ஊசி. ஒரு மரப்பலகையில் பொருத்தி விளக்குப் பலகைக்கு மேலே மாட்டினார். கேபிள் தாங்குகிற எல்லையில் ஒவ்வொரு மீட்டரிலும் ஒரு சிவப்புக் கோடு போட்டார். ஊசி கோட்டை நெருங்கினால் எங்கேயாவது ஒரு விளக்கைக் குறைப்பார். பல வருஷம் அரங்கில் ஒரு பியூஸ்கூடப் போகவில்லை. அத்தானுக்கு அந்த மூன்று ஊசிகளும் பெற்ற பிள்ளைகள் மாதிரி ஆகிவிட்டன.

பிறகு புது டிம்மர்கள் வந்தன.

பழைய டிம்மர் என்பது ஆளுயர மின்தடை. விளக்கைக் குறைத்தால் மிச்ச மின்சாரத்தைச் சூடாக்கி அறை முழுக்கக் கொட்டும். அந்த அறைக்குள் போய்விட்டு வந்தால் ஆள் அவிந்துவிடுவார். புது டிம்மர் சின்னப் பெட்டி, சூடே இல்லை. அது மின்சாரத்தின் ஒவ்வொரு அலையிலும் ஒரு பகுதியை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தை மட்டும் விளக்குக்கு அனுப்பும். அத்தானுக்குத் தலைகால் புரியவில்லை. பெட்டிகளைத் துடைத்துத் துடைத்து வைத்தார்.

அந்தச் சமயம் பார்த்து எங்கள் டைரக்டர் ஒரு நாடகம் எடுத்தார். வாத்தியார் என்றுதான் நாங்கள் கூப்பிடுவோம். ஓடிப்போன மகன் வருவானா என்று ஒரு தாய் வாசலில் காத்திருக்கிறாள், இருட்டிக்கொண்டே வருகிறது, அவ்வளவுதான் கடைசி அங்கம். அது முழுக்க அந்தி வெளிச்சம் வேண்டும் என்றார்.

"விளக்கு நிறைய இருக்கணும், வெளிச்சம் கம்மியா இருக்கணும்" என்றார்.

"ஒரே விளக்கைப் போட்டா வெளிச்சம் கம்மியாத்தானே இருக்கும்?" என்றேன்.

"நீ பொத்தானைத் தை" என்றார் வாத்தியார்.

அத்தான் ஊசியைப் பார்த்தார். எல்லா விளக்கும் பாதிக்கும் கீழே எரியும்போது ஊசி சிவப்புக்கு எவ்வளவோ தள்ளி நின்றது. "இடம் இருக்கு, இன்னும் போடலாம்" என்றார். வாத்தியாருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இன்னும் விளக்குகள் ஏறின. ஊசி சிவப்புக்குப் பக்கத்தில் வந்து, ஆனால் தொடாமல், சமர்த்தாக நின்றது.

ஒத்திகை ஆரம்பித்துச் சில நாளில் அக்கா ஸ்டூலிலிருந்து எழுந்து பலகைக்கு வந்தாள். நான் அப்போது கதாநாயகியின் சால்வையில் ஊசி குத்திக்கொண்டிருந்தேன். மெயின் கேபிள்கள் மேலே ஏறிப் போகிற மரப்பெட்டி, அக்காவின் முதுகுக்குப் பின்னால் சுவரோடு சுவராக இருந்தது. ஆணி அடித்து, அதன்மேல் பல தடவை பெயிண்ட் பூசி, அது ஒரு பெட்டி என்பதையே எல்லோரும் மறந்திருந்தார்கள்.

"என்னங்க, முதுகுக்குப் பின்னாடி சுவரு கொதிக்குது. ரப்பர் தீயற வாசனை வேற வருது" என்றாள்.

அத்தான் நிமிர்ந்து ஊசிகளைப் பார்த்தார். "சிவப்பைத் தொடவே இல்லையே."

"ஊசி தொடாட்டி என்ன, வாசனை வருதே."

"உனக்கு எப்பவும் ஏதாவது ஒரு வாசனை வந்துக்கிட்டே இருக்கும். புதுத் திரைக்குப் பெயிண்ட் அடிச்சிருப்பாங்க."

"பெயிண்டுக்கும் ரப்பருக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா?"

"ஊசி பொய் சொல்லாதும்மா."

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

அந்த இடத்தில் ஒரு புருஷன் என்ன சொல்ல வேண்டும் என்று சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். எங்கள் ஆம்பியருக்குத் தெரியவில்லை. "நான் அளந்து பாத்ததைச் சொல்றேன்" என்றார்.

அக்காவின் முகம் சிவந்தது. "சுத்து எண்ணும்போது மட்டும் என் வாயை நம்பினீங்க இல்ல?" என்றாள். திரும்பிப் போய் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டாள். அன்றோடு அவரிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

அத்தானைச் சும்மா சொல்லக் கூடாது. மறுநாள் தெரிந்தவரிடம் ஒரு டாங் மீட்டர் இரவல் வாங்கி வந்தார். அது கிடுக்கி மாதிரி கேபிளைக் கவ்விப் பிடித்து அளக்கும் கருவி. மெயின் அறையில் வைத்துப் பார்த்தார். அவருடைய ஊசி சொன்னதையே அதுவும் சொன்னது. பெட்டியைத் திறந்து பார்க்கலாம் என்றால் மேடை மொத்தத்துக்கும் மின்சாரத்தை நிறுத்த வேண்டும், அதன்முன் நிற்கிற வீட்டு வாசல் செட்டைப் பிரிக்க வேண்டும். வாத்தியார் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. முதலாளியும் கையை விரித்துவிட்டார். ரெண்டு மீட்டரும் நல்லா இருக்குன்னுதானே சொல்லுது என்றார். அத்தான் நிம்மதியாகத் திரும்பிவிட்டார். எனக்கு நிம்மதி இல்லை. நான் போய் அந்தச் சுவரில் கை வைத்துப் பார்த்தேன். எனக்குக் கோபம் வந்ததா, பயம் வந்ததா என்று சொல்லத் தெரியவில்லை. கை வைத்த இடம் இஸ்திரி போட்டு முடித்த துணி மாதிரி இருந்தது.

"ஸ்டூலை அந்தப் பக்கம் தள்ளிப் போட்டுக்கோயேன்கா" என்றேன்.

"அங்கேருந்து சொன்னா அந்தம்மாவுக்குக் காது கேக்காது. கடைசி அங்கம் முழுக்க அவங்க ஒருத்திதான். பாதி வசனம் அவங்களுக்கு மனசுலயே நிக்கல" என்றாள்.

"பத்திக்கிச்சுன்னா நீதான் முதல்ல மாட்டுவ."

"அதை உங்க அத்தான்கிட்ட சொல்லு."

வீட்டில் எல்லாம் என் வழியாகத்தான். "உங்க அத்தானைச் சாப்பிட வரச் சொல்லு." "உங்க அக்காகிட்ட உப்பு கொஞ்சம் கேளு." இரண்டு பேரும் கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் நான் தபால்காரி. எப்போதும் சிரிப்பும் எண்ணிக்கையுமாக இருக்கிற மேசையில் கரண்டிச் சத்தம் மட்டும் கேட்டது. அத்தான் பாவம், சட்டையில் பொத்தான் அறுந்தால்கூட அதை நேராக என்னிடம் கொண்டுவந்தார். தைக்க முடியாது போங்கள் என்று சொல்லிவிட்டேன். நான் அக்கா கட்சி.

முதல் காட்சி நாள். அரங்கு நிரம்பி வழிந்தது. கடைசி அங்கம் ஆரம்பித்து, மேடையெங்கும் அந்தி இறங்கியது. உண்மையிலேயே அழகாகத்தான் இருந்தது. கதாநாயகி வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். நான் சால்வையோடு திரையோரம் நின்றேன். அங்கிருந்து மேலே அத்தானும் தெரிவார், கீழே அக்காவும் தெரிவாள். அக்கா கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு பிரதியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாசனை எனக்கே வர ஆரம்பித்திருந்தது. மேலே மூன்று ஊசிகளும் சிவப்புக்கு முன்னால் அசையாமல் நின்றன.

கதாநாயகி ஒரு வரியில் தடுக்கினார். அக்காவைப் பார்த்தார். அக்கா கைக்குட்டையை எடுத்து வாயைத் திறந்தாள். இருமல் வந்தது. மறுபடி திறந்தாள். மறுபடி இருமல். அவள் அடியெடுத்துக் கொடுக்காமல் விட்டதை அதுவரை யாரும் பார்த்ததில்லை. அத்தான் தலையைத் திருப்பிக் கீழே பார்த்தார். பிறகு நிமிர்ந்து ஊசியைப் பார்த்தார். மறுபடி அக்காவைப் பார்த்தார். என் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இந்த மனிதர் எதை நம்பப் போகிறார் என்று நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அத்தான் மெயினை இழுத்து அணைத்துவிட்டார்.

மேடை கும்மிருட்டாகிவிட்டது. ஜனங்கள் சலசலத்தார்கள். எங்கேயோ ஒரு விசில். அந்த இருட்டுக்குள் அக்காவின் குரல், இருமலுக்கு நடுவே, விட்டுப்போன வரியை எடுத்துக் கொடுத்தது. அரங்கின் கடைசி வரிசைவரை கேட்டிருக்கும். கதாநாயகி பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். இருட்டிலேயே பேசினார். யாரோ பக்கத்து அறையிலிருந்து ஓர் அரிக்கேன் விளக்கைக் கொண்டுவந்து வாசல்படியில் வைத்தார்கள். அதன் வெளிச்சத்தில் நாடகம் முடிந்தது. கைதட்டல் பலமாகவே இருந்தது, அது வேறு விஷயம்.

திரை விழுந்ததும் வாத்தியாரும் முதலாளியும் பலகைக்கு ஏறினார்கள்.

"ஊசி சிவப்பைத் தொடவே இல்லையேப்பா, எதுக்கு அணைச்ச?" என்றார் முதலாளி.

அக்கா கீழேதான் நின்றாள். அவள் காது அங்கேதான் இருந்தது என்பது எனக்குத் தெரியும். அவள் சொன்னாள், அதனால் அணைத்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அத்தானின் வாயிலிருந்து வந்தது வேறு.

"ஒரு சந்தேகம்" என்றார்.

"சந்தேகத்துக்கெல்லாம் நாடகத்தை நிறுத்துவியா?" என்று வாத்தியார் குதித்தார். அத்தான் தலையைக் குனிந்துகொண்டார்.

மறுநாள் காலை பெட்டியை உடைத்துத் திறந்தார்கள். மூன்று கேபிள்களின் மேல்தோலும் வெந்து, பாளம் பாளமாக வெடித்திருந்தது. ஒரு இடத்தில் செம்பு எட்டிப் பார்த்தது. பின்பலகை கரியாகியிருந்தது. பியூஸ் ஏன் போகவில்லை என்று கேட்பீர்கள். அந்தக் காலத்துக் கம்பி பியூஸ் பொறுமைசாலி. அளவைப்போல் ஒன்றரை மடங்கு போனாலும் நெடுநேரம் தாங்கிக்கொள்ளும். முதலாளியின் முகத்தில் ஈயாடவில்லை. அத்தானின் தோளில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார்.

"மூக்குன்னா இது மூக்குய்யா! மீட்டருக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிருக்கே!" என்றார். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் ஆம்பியர் ஆம்பியர்தான் என்றார்கள்.

அத்தான் எதுவும் பேசவில்லை. புகழ்ச்சியில் மயங்கி நின்றார் என்று சொல்ல மாட்டேன். அவர் கண்கள் வெந்த கேபிளிலும் தன்னுடைய ஊசிகளிலும் மாறி மாறி நிலைகுத்தி நின்றன. பிள்ளை திருடிவிட்டது என்று கேள்விப்பட்ட தகப்பன் மாதிரி இருந்தார். ஆனால் அக்காவுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும்? அவள் பிரதியைப் பையில் வைத்துக்கொண்டு தனியாக வீட்டுக்குப் போய்விட்டாள். அவரை அப்படியே உலுக்கிவிடலாமா என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அரங்கை மூடிவிட்டுப் புதுக் கேபிள் இழுத்தார்கள். அந்த நாட்களில் அத்தான் உடுப்பு அறையின் மூலையில் கருவியைப் பிரித்துப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வளையம் சரியாக இருந்தது. சுற்று சரியாக இருந்தது. ஆப்-ஆம்பும் சரியாகத்தான் வேலை செய்தது. ஒரு நாள் மத்தியானம் என் மிஷினை நிறுத்தச் சொன்னார்.

"கண்டுபிடிச்சிட்டேன். உங்க அக்கா ஒரு நாள் முழுக்க என்னைக் கொஞ்சம் கொஞ்சமாத் திட்டுறான்னு வச்சுக்கோ."

"வச்சுக்கிட்டேன். நல்லா இருக்கு."

"அதே மொத்தத் திட்டையும் ஒரே அரை மணி நேரத்துல திட்டி முடிச்சுட்டு, மிச்ச நேரம் சும்மா இருக்கான்னு வச்சுக்கோ. சராசரி ரெண்டுக்கும் ஒண்ணுதான். ஆனா எது ஜாஸ்தி சுடும்?"

"ரெண்டாவது."

"அதான். என் மீட்டரு சராசரியைத்தான் பாக்குது. பழைய டிம்மர்ல அலை முழுசா இருந்துச்சு, சராசரியை வச்சுச் சூட்டைக் கணக்குப் போட்டா சரியா வந்துச்சு. புது டிம்மர் அலையை வெட்டுது. இருக்கிற கொஞ்ச நேரத்துல மொத்தமா ஓடுது. சராசரி கம்மி, சூடு ஜாஸ்தி. இரவல் வாங்கின டாங் மீட்டருக்குள்ளயும் இதே கணக்குதான். உன் இஸ்திரிப் பெட்டியை வச்சுச் சரிபார்த்ததுல இது எப்படித் தெரியும்?"

"இதை என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? அவகிட்ட சொல்லுங்க."

"எப்படிச் சொல்றது?"

"வாயாலதான்."

அசடு வழியச் சிரித்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார். கல்லுளிமங்கன்.

புதுக் கருவிக்கு அவர் எடுத்த வழி எளிதாக இருந்தது. சூட்டைச் சூட்டாலேயே அளப்பது. வளையத்திலிருந்து வருவதை ஆப்-ஆம்ப் பெரிதாக்கி ஒரு குட்டி மின்தடையைச் சூடேற்றும். அதோடு ஒட்டிவைத்த இன்னொரு துணுக்கு, சூட்டுக்குத் தக்கபடி மாறி ஊசியைத் தள்ளும். அலை முழுசாக வந்தால் என்ன, வெட்டுப்பட்டு வந்தால் என்ன, சூடு சூடுதான். ஊசி மட்டும் சோம்பேறியாகிவிட்டது. தூங்கி எழுந்தவன் மாதிரி மெதுவாக நகரும்.

இருவரும் இப்போது இல்லை. முதலில் அக்கா போனாள், போன வருஷம் அத்தானும் போய்விட்டார். அரங்கில் இப்போது கம்ப்யூட்டர் விளக்குகளை நடத்துகிறது. நான் அங்கே போவதில்லை. அந்த மேசை மட்டும் என் வீட்டில்தான் இருக்கிறது. அதன் எதிரெதிர்ப் பக்கங்களில் அவர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த நாட்கள் திரும்ப வந்தாலும் போதும் என்று இருக்கிறது. அந்தச் சண்டையோடு வரட்டும். நான் தபால்காரியாகவே இருந்துகொள்கிறேன்.

புதுக் கருவியை மாட்டிய அன்று முதலாளி, வாத்தியார், நடிகர்கள் எல்லோரும் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள். மீட்டர்களில் இன்னும் சிவப்புக் கோடு இல்லை. கேபிள்கள் ஏறுகிற புதுப் பெட்டிக்கு ஆணி அடிக்காமல் கதவு வைத்திருந்தார்கள். அது திறந்திருந்தது. அத்தான் பெயிண்டும் மெல்லிய தூரிகையுமாக வந்தார்.

"கோட்டை எந்தக் கணக்குல போடப் போற?" என்றார் முதலாளி.

அத்தான் என் பக்கம் திரும்பினார். "உங்க அக்காவைக் கொஞ்சம் கூப்பிடு."

அக்கா உடுப்பு அறையிலிருந்து வந்தாள். அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்து நின்றாள். தூரிகையிலிருந்து ஒரு சொட்டு அவருடைய செருப்பிலேயே விழுந்தது. அத்தான் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அன்னைக்குக் கண்டுபிடிச்சது நான் இல்ல சார்" என்றார் முதலாளியிடம். "என் மூக்கும் இல்ல. இவங்க முன்னாலேயே சொன்னாங்க. நான் நம்பல. ஊசியைத்தான் நம்பினேன். இவங்க பேச்சை நான் கேட்டிருந்தா கேபிள் வெந்திருக்காது. நீங்க எல்லாரும் என்னைப் புகழ்ந்தப்போ வாயை மூடிக்கிட்டு நின்னேன் பாருங்க, அது அதைவிடத் தப்பு."

வாத்தியார் மேலே தொங்குகிற விளக்குகளைப் பார்க்க ஆரம்பித்தார்.

அத்தான் கேபிளின் மேல்தோலை முதலில் டெஸ்டரால் தொட்டு, பிறகு தன் கையை வைத்துப் பார்த்துவிட்டு, அக்காவின் பக்கம் திரும்பினார். கல்யாணத்துக்கு முந்திய பேச்சு மாதிரி மரியாதை வந்துவிட்டது. "நான் விளக்கை ஏத்துறேன். நீங்க இதுமேல கையை வச்சுக்கிட்டு இருங்க. எந்த இடத்துல போதும்னு சொல்றீங்களோ, அந்த இடத்துல கோடு போடுறேன்."

அக்கா கேபிளின் மேல் உள்ளங்கையை வைத்தாள். அத்தான் பலகைக்கு ஏறி டிம்மர்களைத் தள்ளினார். மேடையில் அந்த அந்தி வெளிச்சம் மறுபடி இறங்கியது. ஊசிகள் தூக்கம் கலைந்து நகர ஆரம்பித்தன. எல்லோரும் ஊசியைப் பார்த்தார்கள். அத்தான் மட்டும் கீழே அக்காவைப் பார்த்தார். நெற்றியில் வியர்வை வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. ஊசி பாதிகூட வரவில்லை.

"போதும்" என்றாள் அக்கா.

அவரிடம் அத்தனை நாளும் பேசாதவள் பேசிய முதல் வார்த்தை அது. அத்தான் டிம்மர்களை அந்த இடத்திலேயே நிறுத்தினார். ஊசிகள் நின்ற இடத்தில் மூன்று மீட்டரிலும் சிவப்புக் கோடு போட்டார். கோடு கோணலாக வந்தது. அக்கா சிரித்துவிட்டாள். எங்கள் வீட்டில் முதன்முதலாக அவரைப் பார்த்து வந்ததே, அதே சிரிப்பு.

அதற்குப் பிறகு அரங்கில் எந்த நாடகத்துக்கும் போதுமான வெளிச்சம் இல்லை என்று வாத்தியார் ஆயுசுக்கும் புலம்பினார். கோட்டை ஏற்றிப் போடச் சொல்லி எத்தனையோ தடவை கேட்டார். அத்தான் அசையவில்லை.

எல்லோரும் கலைந்த பிறகு அன்றைக்கே, விளக்குகள் அதே அளவில் எரிந்துகொண்டிருக்கும்போதே, நான் போய் அந்தக் கேபிளைத் தொட்டுப் பார்த்தேன். சும்மா ஜில்லென்று இருந்தது.

"சூடே ஆகலையே அத்தான்" என்றேன்.

"தெரியும்" என்றார், தூரிகையைக் கழுவிக்கொண்டே. "உங்க அக்கா போதும்னு சொன்னா இல்ல?"